ஸஹீஹ்: ஒரு சொல்லும் அதன் பல துறைகளும்

நான் அரபுக் கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது வருஷம் அது. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது உம்மா திண்ணையில் இருந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி அவருக்கு அருகில் அழுதுகொண்டிருந்தாள். ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் தவறிவிட்டது. இனிப் படிப்பே வேண்டாம் என்பது அவளுடைய முடிவு.

"சீனாக்குப் போயாவது படிக்கச் சொல்லி றசூலுல்லா சொல்லிரிக்காங்க புள்ள. உனக்கு இந்தா இரிக்கிற ஸ்கூலுக்குப் போக ஏலாதா?" என்று உம்மா கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முஸ்தலஹுல் ஹதீஸ் எனும் ஹதீஸ் கலைச் சொல்லியலை அப்போதுதான் ஓதத் தொடங்கியிருந்தோம். "உம்மா, அது ஸஹீஹ் இல்ல. றசூலுல்லா அப்பிடிச் சொல்லல்ல. அது பொய்" என்றேன்.

உம்மாவின் கை நின்றுவிட்டது. "அப்ப நான் இவ்வளவு காலமும் பொய்யா மனே சொல்லிக்கிட்டு இரிந்திரிக்கன்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் நால்வரையும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் படிக்க அனுப்பியவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய பஸ் காசும் பாய் விற்ற காசுதான்.

விடுமுறை முடிந்து போய், இதை எங்கள் ஹஸ்ரத்திடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கிதாபை மூடி வைத்துவிட்டு, "நீர் உம்மாட்ட ஒரு பேச்சுப் பேசல்ல. மூணு பேச்சுப் பேசிரிக்கீர். மூணும் ஒண்டுதானா எண்டு தேடிப் பாரும்" என்றார்.

ஸஹீஹ் இல்லை. நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. பொய். இந்த மூன்றும் ஒன்றல்ல என்று விளங்க எனக்குப் பல வருஷங்கள் எடுத்தன. இன்றைக்கு வட்ஸ்அப்பிலும் மிம்பரிலும் தெருச்சந்தியிலும் இந்தச் சொல் புழங்கும் விதத்தைப் பார்க்கும்போது, அன்று நான் செய்த பிழையை ஊரே செய்துகொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. அதனால் 'ஸஹீஹ்' என்ற அந்தச் சாதாரணப் பெயரடை எங்கே பிறந்தது, எந்தெந்தத் துறைகளில் என்னென்ன பொருளில் வாழ்கிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

உடம்பில் பிறந்த சொல்

ஸாத், ஹா, ஹா என்ற மூன்று எழுத்துகள்தான் இதன் வேர். அதன் அடிப்படைப் பொருள் உடல்நலம். நோயில்லாமல் இருப்பவன் ஸஹீஹ். நோயாளி மரீள், அல்லது ஸகீம். ஸிஹ்ஹத் என்றால் சுகம். அரபு நாடுகளில் சுகாதார அமைச்சின் பெயரில் வருவதும் இந்தச் 'ஸிஹ்ஹத்' தான்.

ஸஹீஹுல் புஹாரியிலேயே இந்தச் சொல் உடம்பைப் பற்றிப் பேசும் இடங்கள் உண்டு. மனிதர்களில் அதிகமானோர் நட்டப்பட்டுப்போகும் இரண்டு அருட்கொடைகளைப் பற்றிய ஹதீஸ் எல்லோருக்கும் தெரிந்தது. சுகம், ஓய்வு என்ற அந்த இரண்டில் முதலாவது 'ஸிஹ்ஹத்'. நோயுற்ற ஒட்டகங்களை வைத்திருப்பவர் அவற்றை, சுகமான ஒட்டகங்களை வைத்திருப்பவரின் ஒட்டகங்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது என்ற கருத்தில் வரும் ஹதீஸில், இரண்டாமவருக்குரிய சொல் 'முஸிஹ்' என்பதாகும். மந்தையில் நோய் இல்லாதவர் என்பது அதன் பொருள்.

வளைகுடாவுக்குப் போன எங்கட ஆட்களுக்கும் இந்த வேர் பழக்கமானதுதான். என் மச்சான் ஒருவர் கத்தாருக்குப் போன புதிதில் தலைவலிக்கு மாத்திரை வாங்க வெளிக்கிட்டார். ஒரு கடைப் பலகையில் 'ஸிஹ்ஹிய்யா' என்று இருந்தது. மருந்துக்கடை என்று உள்ளே நுழைந்தால் பைப்பும் சிங்க்கும் கக்கூஸ் கோப்பையும் அடுக்கி வைத்திருந்தார்கள். 'அதவாத் ஸிஹ்ஹிய்யா' என்றால் குழாய், கழிப்பறைச் சாமான்கள். சுகாதாரத்துக்குரிய உபகரணங்கள் என்பது நேர்ப்பொருள். சொல் தெரிந்திருந்தும் துறை தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மச்சானின் கதை நல்ல உதாரணம்.

முழுமையும் உடைவும்

உடம்பைவிட்டு இந்தச் சொல் முதலில் போகும் இடம் 'உடையாதது, குறைபடாதது' என்ற பொருளுக்கு. அரபுக் கணிதத்தில் 'அதத் ஸஹீஹ்' என்றால் முழு எண். அதற்கு எதிரில் நிற்பது 'கஸ்ர்'. கஸ்ர் என்றால் உடைவு. கணக்கில் அது பின்னம். நமது 'பின்னம்' என்ற சொல்லும் உடைந்தது என்ற பொருளிலிருந்துதான் வந்திருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7 ஸஹீஹான எண். ஏழு ரூபா கடனைக் குறிக்கும் மைனஸ் 7உம் ஸஹீஹான எண்தான். ஏழரை அப்படியல்ல. அதற்காக ஏழரை 'பொய்யான எண்' என்று எவரும் சொல்வதில்லை. இந்தத் துறையில் ஸஹீஹ் என்பதற்கு உண்மை பொய்யோடு எந்தத் தொடர்பும் கிடையாது. உடையாமல் இருக்கிறதா என்பது ஒன்றுதான் பரீட்சை.

ஸர்ஃப் எனும் சொல்லிலக்கணத்துக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். மத்ரஸாவில் முதலாம் வருஷத்துப் பிள்ளைகள் 'நஸர, யன்ஸுரு' என்று ராகம் போட்டு ஓதுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். நூன், ஸாத், ரா என்ற அதன் மூல எழுத்துகளில் அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றும் இல்லை. அதனால் அது 'ஸஹீஹான' வினைச்சொல். அந்த மூன்று எழுத்துகளுக்கும் பெயர் 'ஹுரூஃபுல் இல்லத்', அதாவது நோய் எழுத்துகள். அவை இடையில் தேய்ந்தும் மாறியும் மறைந்தும் போகும் தன்மை கொண்டவை. அவற்றில் ஒன்று மூலத்தில் இருந்தால் அந்த வினைச்சொல் 'முஃதல்', நோயுற்றது. ஸஹீஹானதுக்குள்ளேயும் ஹம்ஸா இல்லாமல், ஒரே எழுத்து இரட்டிக்காமல் இருப்பது 'ஸாலிம்' என்று தனி வகை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 'மரிள' என்றால் நோயுற்றான். அதன் எழுத்துகள் மீம், ரா, ளாத். ஆகவே அது ஸஹீஹ், அதிலும் ஸாலிம். 'ஷஃபா' என்றால் சுகமாக்கினான். அதன் கடைசி மூல எழுத்து யா. ஆகவே அது நோயுற்ற வினைச்சொல். பொய் சொன்னான் என்பதற்குரிய 'கதப' ஸஹீஹான வினைச்சொல். வாக்கை நிறைவேற்றினான் என்பதற்குரிய 'வஃபா' நோயுற்றது. 'ஸஹ்ஹ' என்ற வினைச்சொல்லே இரட்டை எழுத்துக் கொண்டதால் ஸஹீஹ் ஆகிறதே தவிர ஸாலிம் ஆவதில்லை. இலக்கண ஆசிரியர் ஒரு வினையை ஸஹீஹ் என்று சொன்னால், அந்தச் செயல் நல்லது என்றோ அது நடந்தது என்றோ அவர் சொல்லவில்லை. எழுத்துகளைப் பரிசோதித்தேன், பழுது இல்லை என்கிறார். அவ்வளவுதான்.

அகராதித் துறையும் இந்தச் சொல்லை விட்டுவைக்கவில்லை. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அல் ஜவ்ஹரியின் பெரிய அரபு அகராதி 'அஸ்ஸிஹாஹ்' என்று அழைக்கப்படுகிறது. அரபு மொழியில் பழுதற்றவை என்று தான் உறுதிகண்ட சொற்களையே அதில் சேர்த்ததால் வந்த பெயர் அது.

கிதாபின் ஓரத்தில்

என் மூத்தாப்பா வைத்திருந்த பழைய கிதாப் ஒன்றின் பக்க ஓரங்களில் அங்கங்கே சிறிதாக 'ஸஹ்' என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் அதை யாரோ போட்ட கையொப்பம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது பிரதி எடுப்பவர்களின் குறியீடு. எழுதும்போது விடுபட்டுப்போன சொற்களை ஓரத்தில் எழுதி, முடிவில் 'ஸஹ்' என்று போடுவார்கள். இது மூலத்தில் உள்ளதுதான், பின்னால் யாரும் சேர்த்ததல்ல என்று அதற்கு அர்த்தம். வாசகருக்குச் சந்தேகம் வரக்கூடிய, ஆனால் சரியாகவே இருக்கிற ஒரு சொல்லுக்கு மேலேயும் இதே குறியை இடுவார்கள்.

இதற்குத் துணையாக இன்னொரு குறி உண்டு. ஒரு சொல் ஆசிரியரிடமிருந்து அப்படித்தான் வந்திருக்கிறது, ஆனால் மொழியிலோ கருத்திலோ ஏதோ பழுது தெரிகிறது என்றால், பிரதி எடுப்பவர் அதைத் தன் இஷ்டத்துக்குத் திருத்த மாட்டார். ஸாத் எழுத்தின் தலையைப் போன்ற ஒரு கோட்டை அதற்கு மேல் இழுத்து வைப்பார். 'ஸஹ்' என்பதில் பாதியைப் போல இருக்கும் அந்தக் குறி. அதற்குத் தள்பீப் என்று பெயர். தம்ரீள் என்றும் சொல்வார்கள். தம்ரீள் என்பதும் மரீள் என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) திமிஷ்கில் மரணித்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் தனது ஹதீஸ் கலை நூலில் இந்த முறையை விரிவாக விளக்குகிறார்.

வந்த வழி ஸஹீஹ், வந்த பொருளில் பழுது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பேனை பிடித்தவர்கள் கூட அறிந்திருந்தார்கள்.

கூடும், கூடாது

ஃபிக்ஹில் ஸஹீஹ் என்பதற்கு இன்னொரு பொருள். ஒரு வணக்கமோ கொடுக்கல் வாங்கலோ தனக்குரிய ருகுன்களையும் ஷர்த்துகளையும் பூரணமாகக் கொண்டிருந்தால் அது ஸஹீஹ். அதன் விளைவுகள் அதைத் தொடரும். தொழுகையானால் கடமை நீங்கும், திரும்பத் தொழ வேண்டியதில்லை. விற்பனையானால் பொருள் கை மாறி உரிமையாகும். குறைந்திருந்தால் அது பாத்தில், அல்லது ஃபாஸித். ஷாஃபிஈ மத்ஹபில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே பொருளைத் தருகின்றன. ஹனஃபி மத்ஹபில் கொடுக்கல் வாங்கல்களில் இரண்டையும் வேறுபடுத்துவார்கள். அடிப்படையே இல்லாதது பாத்தில். அடிப்படை இருந்து, அதோடு சேர்ந்த ஒரு தன்மையில் கோளாறு இருப்பது ஃபாஸித்.

இங்கேதான் தமிழ் பேசும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமது பழைய கிதாப்களிலும் வீட்டுப் பேச்சிலும் ஸஹீஹ் என்பதற்கு 'கூடும்' என்றும், ஸஹீஹ் இல்லை என்பதற்கு 'கூடாது' என்றும் சொல்லி வந்திருக்கிறோம். வுழூ இல்லாமல் தொழுதால் தொழுகை கூடாது. சரி. ஆனால் ஹறாம் என்பதற்கும் நாம் 'கூடாது' என்றுதான் சொல்கிறோம். வட்டி வாங்கக் கூடாது, புறம் பேசக் கூடாது. இரண்டு வெவ்வேறு தீர்ப்புகளை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம்.

இதன் விளைவு சிறியதல்ல. வெள்ளிக்கிழமை கதீப் மிம்பரில் அமர்ந்த பின் சொல்லப்படும் பாங்குக்குப் பிறகு ஜும்ஆ கடமையான ஒருவர் வியாபாரம் செய்வது ஹறாம். ஆனால் செய்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்த விற்பனை ஸஹீஹ். விற்றவர் குற்றவாளி; வாங்கிய பொருள் வாங்கியவருக்கு உரிமை. மாலிகி, ஹன்பலி மத்ஹப்களில் அந்த விற்பனை நிலைக்காது. இப்படி ஒரு நுட்பமான வேறுபாட்டை 'ஜும்ஆ நேரத்தில் வியாபாரம் கூடாது' என்ற ஒரு வசனத்தில் சொன்னால், கேட்பவருக்கு எது விளங்கும்?

இன்னொரு உதாரணம். பிறருடைய காணியை அபகரித்து, அதில் நின்று ஒருவர் தொழுகிறார். ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் தொழுகை ஸஹீஹ் என்கிறார்கள்; அபகரித்த பாவம் தனியாக இருக்கிறது. ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கருத்து, அந்தத் தொழுகையே ஸஹீஹ் இல்லை என்பது. முதல் தரப்பார் ஸஹீஹ் என்று சொன்னதால், அந்த மனிதரை நல்லவர் என்றோ அவரது தொழுகை அல்லாஹ்விடம் ஏற்கப்பட்டது என்றோ சொல்லிவிடவில்லை. ஏற்கப்படுவதற்குரிய சொல் 'மக்பூல்'. அது மனிதர் கொடுக்கும் சான்றிதழ் அல்ல.

காணிப் பிரச்சினை இல்லாத ஊர் நம்மிடையே குறைவு. 'தொழுகை கூடும் எண்டு ஹஸ்ரத்மார் சொல்லிரிக்காங்க தானே' என்று ஒருவர் வேலியைத் தள்ளிப் போட்டதற்கு நியாயம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவர் கேட்ட சொல் ஸஹீஹ். விளங்கிக்கொண்டது ஹலால்.

மலாய் மொழியில் இந்தக் குழப்பம் குறைவு. அவர்கள் அதே அரபு வேரிலிருந்து 'ஸாஹ்' என்ற சொல்லை எடுத்து, செல்லுபடியாகும் என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஹறாமுக்கு ஹறாம் என்றே சொல்கிறார்கள். ஹிந்தியில் 'ஸஹி' என்றால் சரி. மராத்தியில் அதே சொல் கையொப்பத்தைக் குறிக்கும். ஆபிரிக்காவின் சுவாஹிலி மொழியிலும் 'ஸஹிஹி' என்றால் சரியானது என்றும் கையொப்பம் என்றும் இரண்டு பொருள். பத்திரத்தில் ஒப்பமிடுவது, இது பழுதற்றது என்று உறுதிப்படுத்துவதுதானே. சிறு வயதில் மூத்தாப்பாவின் கிதாபில் நான் நினைத்ததும் முழுப் பிழையல்ல.

அதைவிடச் சரி என்றால் பலமா?

மின்ஹாஜுத் தாலிபீன் ஓதியவர்களுக்கு ஒரு நுட்பம் தெரிந்திருக்கும். இமாம் நவவி (ஹிஜ்ரி 631-676) தனது அந்த நூலில், மத்ஹபின் அறிஞர்களிடையே ஒரு விடயத்தில் இரண்டு கருத்துகள் இருந்தால், தேர்ந்தெடுத்த கருத்தைச் சில இடங்களில் 'அஸ்ஸஹீஹ்' என்றும் சில இடங்களில் 'அல்அஸஹ்' என்றும் குறிப்பிடுகிறார். ஸஹீஹ் என்றால் சரியானது. அஸஹ் என்றால் மிகச் சரியானது. அப்படியானால் அஸஹ் தானே பலமானது என்று நாங்கள் வகுப்பில் சொன்னோம். ஹஸ்ரத் சிரித்தார்.

நூலின் முன்னுரையில் இமாம் தரும் விளக்கம் அதற்கு நேர்மாறானது. எதிர்க்கருத்தும் பலமாக இருக்கும் இடத்தில்தான் 'அஸஹ்' என்கிறார். எதிர்க்கருத்து பலவீனமான இடத்தில் 'ஸஹீஹ்' என்கிறார். ஆகவே 'அஸஹ்' என்று எழுதிய இடத்தில், மறுபக்கமும் ஓரளவு ஸஹீஹ்தான் என்ற மரியாதை உள்ளே இருக்கிறது. ஒரு சொல்லின் வடிவத்தை மாற்றியே, தன்னோடு உடன்படாத அறிஞருக்கு இடம் கொடுத்திருக்கிறார். நம்மில் எத்தனை பேருடைய பேச்சில் 'அஸஹ்' இருக்கிறது? எடுத்த எடுப்பில் எல்லாமே 'ஸஹீஹ்', அல்லது எல்லாமே 'வழிகேடு'.

ஹதீஸ் கலையில்

இப்போது எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கு வருவோம். இமாம் புஹாரி (ஹிஜ்ரி 194-256) தனது தொகுப்புக்கு இட்ட நீண்ட பெயருக்குள் 'அஸ்ஸஹீஹ்' என்ற சொல் இருக்கிறது. இமாம் முஸ்லிமின் தொகுப்பும் அதே பெயரால் அறியப்படுகிறது. நாளடைவில் பெயரடையே நூலின் பெயராகிவிட்டது.

ஹதீஸ் அறிஞர்களின் சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நிற்பது போல இருக்கும். ஸஹீஹ், சுகமானது. ளஈஃப், பலவீனமானது. ஸகீம், நோயுற்றது. இல்லத், உள்ளே மறைந்திருக்கும் நோய். அறிவிப்பாளரைக் குறைகாணும் துறைக்கு ஜர்ஹ், அதாவது காயம். இவர்கள் ஒரு செய்தியைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி ஐந்து விடயங்களைச் சோதிக்கிறார்கள். அறிவிப்பாளர் தொடர் அறுபடாமல் இருக்கிறதா? ஒவ்வொருவரும் நேர்மையானவரா? மனனத்திலோ எழுத்திலோ பிழைவிடாத உறுதி உள்ளவரா? தன்னைவிட நம்பகமானவர்களுக்கு மாறாக அறிவிக்கிறாரா? வெளியே தெரியாத இல்லத் ஏதும் இருக்கிறதா? முதல் மூன்றும் இருந்து, பின்னிரண்டும் இல்லாவிட்டால் ஸஹீஹ்.

நான் உம்மாவிடம் பேசியபோது எனக்குத் தெரியாமலிருந்தது, இப்னுஸ் ஸலாஹ் இதே இடத்தில் சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கை. ஒரு ஹதீஸை ஸஹீஹ் என்று அறிஞர்கள் சொன்னால், நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன என்பதே அதன் கருத்து என்கிறார். ஸஹீஹ் இல்லை என்று சொன்னால், அது உண்மையிலேயே பொய் என்று அறுதியிட்டதாக ஆகாது என்கிறார். அந்த நிபந்தனைகளின்படி அதன் தொடர் நிலைநாட்டப்படவில்லை என்பது மட்டும்தான் தீர்ப்பு. காரணம் எளிது. நம்பகமானவரும் எப்போதாவது தவறலாம். மறதிக்காரரும் சில வேளை சரியாகச் சொல்லியிருக்கலாம். மருத்துவர் தன்னிடமுள்ள கருவிகளால் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

அதுபோல 'தொடர் ஸஹீஹ்' என்பதும் 'ஹதீஸ் ஸஹீஹ்' என்பதும் ஒன்றல்ல. தொடரில் உள்ளவர்கள் எல்லோரும் சுகமாக இருந்தும், செய்தியில் மறைந்த நோய் இருக்கலாம். இமாம் திர்மிதி பல இடங்களில் 'ஹஸன் ஸஹீஹ்' என்று இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்கிறார். அதற்கு என்ன கருத்து என்று பின்வந்த அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு படித்தரங்கள் உள்ள ஒரு கலையை நாம் 'ஸஹீஹ்', 'பொய்' என்ற இரண்டு பொத்தான்களாக்கி வைத்திருக்கிறோம்.

இதைச் சொல்வது, எந்தச் செய்தியையும் எப்படியும் பரப்பலாம் என்பதற்காக அல்ல. இட்டுக்கட்டப்பட்டது என்று சொல்ல 'மவ்ளூஃ' என்ற தனிச் சொல்லே அந்தக் கலையில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வதற்குரிய எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை எல்லோரும் அறிவோம். ஒரு பக்கம் அந்தப் பயம். மறுபக்கம், அறிஞர்கள் 'பலவீனம்' என்று நிறுத்திய இடத்தில் நாம் 'பொய்' என்று தாண்டிவிடாமல் இருக்கும் பயம். இரண்டும் வேண்டும்.

மூன்று பேச்சு

உம்மா சொன்ன செய்திக்கு வருகிறேன். அறிவைத் தேடிச் சீனாவரைக்கும் போகச் சொல்லும் அந்த அறிவிப்பு ஸஹீஹ் அல்ல. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இப்னு ஹிப்பான் அதை அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் அதைச் சேர்த்தார். ஆனால் ஹிஜ்ரி 458இல் மரணித்த இமாம் பைஹகி, அதன் வாசகம் பிரபலமானது, அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஆகவே என் முதலாவது பேச்சு சரி. இரண்டாவது பேச்சு சில அறிஞர்கள் எடுத்த முடிவு; அதை நான் என் சொந்த அறிவு போல அறுதியாகச் சொன்னேன். மூன்றாவது பேச்சு ஹதீஸ் கலையைச் சேர்ந்ததே அல்ல. அது பாய் இழைத்துக்கொண்டிருந்த ஒரு மனுஷியின் மேல் விழுந்த சொல். பொய் என்று தெரிந்து சொல்பவரைத்தான் நம் ஊரில் பொய்யர் என்பார்கள். உம்மா தன் உம்மாவிடம் கேட்டதை நம்பிச் சொன்னார்.

அறிவு தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்று இப்னு மாஜாவில் வரும் இன்னொரு அறிவிப்பைப் பற்றி இமாம் நவவியிடம் கேட்கப்பட்டபோது, தொடரால் அது ளஈஃப், கருத்தால் ஸஹீஹ் என்ற பொருளில் பதில் சொன்னதாக அறிஞர்கள் எடுத்தெழுதியிருக்கிறார்கள். அதன் பல வழிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஹஸன் தரத்தை எட்டுகிறது என்பது பின்வந்த இமாம் மிஸ்ஸியின் கருத்து. ஒரே செய்தி. ஒரு கண்ணால் பார்த்தால் ளஈஃப், இன்னொரு கண்ணால் பார்த்தால் ஸஹீஹ். அவர்களுக்கு அது முரணாகத் தெரியவில்லை. எதைப் பற்றிய ஸஹீஹ் என்று கேட்கத் தெரிந்திருந்தது.

இதை ஓதி முடித்த வருஷம், ஊருக்குப் போனதும் முதலில் உம்மாவிடம்தான் போனேன். "உம்மா, நீங்க பொய் சொல்லல்ல. அண்டைக்கு நான் சொன்னது பிழை. அந்த ஹதீஸ் உறுதியில்ல, அதனால றசூலுல்லா சொன்ன எண்டு சொல்லாம இரிக்கிறது நல்லம். ஆனா படிங்க எண்டு நீங்க சொன்னதில ஒரு பழுதும் இல்ல" என்றேன்.

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப என்னண்டு மனே சொல்லுற?"

"நான் சொல்றன் படி புள்ள எண்டு சொல்லுங்க."

"நான் சொன்னா ஆரு கேக்கிற?" என்று சிரித்தார். சிரித்தாலும், பிறகு வீட்டுப் பேரப் பிள்ளைகளுக்கு அவர் அப்படித்தான் சொல்லி வந்தார்.

'பழுதில்ல' என்ற அந்தச் சொல் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். பாயை விற்கும்போது, வாங்க வந்தவருக்கு முன்னால் நான்கு மூலையையும் விரித்துக் காட்டி, "பழுதில்லாத பாய், பாத்து எடுங்க" என்பார். ஸஹீஹ் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் கேட்டால், சரியானது, உண்மையானது, ஆதாரபூர்வமானது, கூடும் என்ற எல்லாவற்றையும்விட 'பழுதற்றது' என்பதையே நான் சொல்வேன். உடம்புக்கும் எண்ணுக்கும் எழுத்துக்கும் தொழுகைக்கும் அறிவிப்பாளர் தொடருக்கும் அது பொருந்துகிறது. அதோடு, யார் விரித்துப் பார்த்தார்கள், எந்த மூலையைப் பார்த்தார்கள் என்ற கேள்வியையும் அது கையோடு கொண்டுவருகிறது.

எழுதுபவர்களிடமும் பயான் செய்பவர்களிடமும் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. சட்டம் சொல்லும்போது 'கூடாது' என்ற சொல்லைப் பிரித்துவிடுங்கள். ஹறாம் என்றால் ஹறாம் என்றும், செல்லாது என்றால் செல்லாது என்றும் சொல்லுங்கள். ஹதீஸைப் பற்றிச் சொல்லும்போது, ஸஹீஹ் இல்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். மவ்ளூஃ என்று அறிஞர்கள் சொல்லியிருந்தால், எந்த அறிஞர் என்று பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். 'பொய்' என்ற சொல் நாக்குக்கு வந்தால், எதிரில் இருப்பது யார் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.